பகுதிச் சுட்டியும் நான் எழுதிய பிழையான அறிக்கையும்

உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் அட்டவணை, முதன்மைச் சாவி, வினவல் எல்லாம் படித்திருப்பீர்கள். சுட்டி பற்றியும் ஒரு பந்தியளவில் படித்திருக்கலாம். அந்தப் பந்தியில் இல்லாத ஒன்றை, பயிலுநராகச் சேர்ந்த இடத்தில் பிழை விட்டுத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூல்கள் வந்த ஆண்டின்படி, ஆண்டுக்கோர் அலுமாரி. ஒவ்வோர் அலுமாரிக் கதவிலும் அதற்குள் இருப்பவற்றின் பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. வாசலிலோ எல்லா அலுமாரிகளுக்கும் பொதுவான பெரிய பட்டியல், எட்டுக் கொப்பிகளில். தரவுத்தளத்தில் அலுமாரிதான் அட்டவணையின் பகுதி. கதவுப் பட்டியல் உள்ளகச் சுட்டி. வாசல் பட்டியல் பொதுச் சுட்டி.

பழைய அலுமாரி ஒன்றை அகற்றினால் கதவுப் பட்டியலும் கூடவே போய்விடும், தொல்லையில்லை. ஆனால் அந்த நூல்களின் பெயர்கள் வாசலிலுள்ள எட்டுக் கொப்பிகளிலும் சிதறிக் கிடக்கும். அகற்றியது ஓர் அலுமாரி. நம்ப முடியாமற் போவது எட்டுக் கொப்பியும்.

எங்கள் ஒராக்கிள் தரவுத்தளத்தில் நடந்தது இதுதான். பற்றுச்சீட்டு அட்டவணையின் மிகப் பழைய ஆண்டுப் பகுதியை நீக்கியவர்கள், கட்டளையின் இறுதியில் ‘அப்டேட் இன்டெக்ஸஸ்’ என்று சேர்க்கவில்லை. வாடிக்கையாளர் இலக்கத்துக்கான பொதுச் சுட்டியின் எட்டுப் பகுதிகளும் ‘அன்யூசபிள்’ ஆயின. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பழுதான சுட்டியைத் தாண்டிச் செல்வதே ஒராக்கிளின் வழமையான அமைப்பு. அது முழு அட்டவணையையும் வாசித்து விடையைத் தரும். விடை சரி, நேரந்தான் போகும். (தனித்துவச் சுட்டி பழுதானால் மட்டும் புதிய பதிவை ஏற்க மறுத்துவிடும். அது ஒரு வகையில் நல்லது, உடனே தெரிந்துவிடுகிறதே!)

கருமபீடத்தில் வரிசை நீண்டது. சுட்டிகளைப் பரிசோதிக்கும்படி என்னிடம் சொன்னார்கள். நான் ‘யூசர்_இன்டெக்ஸஸ்’ இல் நிலையைப் பார்த்தேன். சாதாரண சுட்டிகளுக்கு ‘வலிட்’ என்றும் பகுதியாக்கப்பட்டவற்றுக்கு ‘என்/ஏ’ என்றும் இருந்தது. ‘அன்யூசபிள்’ என்ற சொல் எங்குமில்லை. “எல்லாம் சரி” என்று எழுதி ஒப்பமிட்டேன். அதை நம்பி இரண்டு நாட்கள் வலையமைப்பில் பிழை தேடினார்கள்.

மூன்றாம் நாள் பொறுப்பான ராத்தா என் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். “என்/ஏ என்றால் நல்லம் என்று யாரு சொன்ன தங்கச்சி? இங்கே கேட்காதே, கீழே போய்க் கேள் என்றுதானே அது சொல்லுது?”

கீழே என்பது ‘யூசர்_இன்ட்_பார்ட்டிஷன்ஸ்’. அங்கே நிலை ‘யூசபிள்’ அல்லாதவற்றைக் கேட்டேன். எட்டு வரிகள் வந்தன. பகுதிக்குள்ளும் உபபகுதி இருந்தால் அங்கும் ‘என்/ஏ’ தான் வரும். இன்னும் ஒருபடி இறங்கி ‘யூசர்_இன்ட்_சப்பார்ட்டிஷன்ஸ்’ இல் பார்க்க வேண்டும்.

சுட்டி முழுவதையும் ஒரே கட்டளையில் மீளக்கட்டப் பார்த்தேன். ஓஆர்ஏ-14086 என்ற பிழை வந்தது: பகுதியாக்கப்பட்ட சுட்டியை மொத்தமாகக் கட்ட முடியாது. ஒவ்வொரு பகுதியின் பெயரையும் தந்து ‘ரீபில்ட் பார்ட்டிஷன்’ கட்டளையை எட்டுத் தடவை கொடுத்தேன். வேலை நேரமாதலால் ‘ஒன்லைன்’ என்பதையும் சேர்த்தோம். கட்டும்போதும் பதிவுகளை இட முடியும்.

கதவுப் பட்டியலும் எப்போதும் தப்பிவிடாது. ஒரு பகுதியை வேறிடத்துக்கு நகர்த்தினால் பதிவுகளின் முகவரி மாறி, அதன் உள்ளகச் சுட்டியும் பழுதாகலாம். 12சி பதிப்பிலிருந்து ‘அப்டேட் இன்டெக்ஸஸ்’ உடன் பகுதியை நீக்கினால் பொதுச் சுட்டி உடனே பாவனைக்கு உகந்ததாகவே இருக்கும். அநாதையாகிய உள்ளீடுகளை, நாம் மாற்றாதவரை, அதிகாலை 2 மணிப் பணி துப்புரவு செய்யும். அது ஓடியதா என்பதை ‘ஓர்பன்ட்_என்ட்ரீஸ்’ நிரலில் பார்க்கலாம்.

மாதந்தோறும் எல்லாச் சுட்டிகளையும் மீளக்கட்டுவதே பராமரிப்பு என்பாரும் உண்டு. எனக்கு அது வீண்வேலையாகவே படுகிறது. பகுதியில் கைவைத்த ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றை வினவலை ஓட்டினால் எங்கள் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

அன்று மாலை அதே வினவல் ஒரு வரியும் தரவில்லை. ராத்தா என் பழைய அறிக்கையைத் திருப்பித் தந்தார். “எல்லாம் சரி” என்பதை வெட்டிவிட்டு, எட்டுப் பகுதிகளின் பெயர்களையும் எழுதி, மீண்டும் ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.