கப்பலின் அழுக்கெண்ணெய் கரை சேர்வது எப்படி?

கடலில் எண்ணெய் கலந்தது என்றதும் பாறையில் மோதி உடைந்த கப்பல்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் விபத்தே நேராத கப்பலிலும் அழுக்கெண்ணெய் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இயந்திர அறையில் கசியும் எண்ணெய், அங்கே ஒழுகும் நீருடன் கலந்து கப்பலின் அடிப்பகுதியில் தேங்குகிறது. இதற்கு 'பில்ஜ் நீர்' என்று பெயர்.

இதை அப்படியே கடலில் இறைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள படலமாகப் பரவினால், 1 லிட்டர் எண்ணெய் 1,000 சதுர மீட்டர் நீர்ப்பரப்பை மூடிவிடும். அதில் இறங்கும் கடற்பறவையின் இறகுகள் நீரை விலக்கும் தன்மையை இழக்கும். உடல் வெப்பத்தைக் காக்க முடியாமல் பறவை மடியும்.

1973-இல் உருவாகி, 1978-இல் விரிவுபெற்று, 1983 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த 'மார்ப்பால்' உடன்படிக்கை இதற்கு வரம்பு கட்டியது. இயந்திர அறைக் கழிவுநீரைக் கடலில் விட வேண்டுமானால், அதில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது 1,000 லிட்டர் நீரில் 15 மில்லிலிட்டர்! இதற்காகவே கப்பலில் பிரிப்பான் என்னும் கருவி உள்ளது.

எண்ணெய் நீரில் மிதக்கும். ஆகவே பிரிப்பது எளிது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஸ்டோக்ஸ் விதிப்படி, எண்ணெய்த் துளி மேலேறும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. நீரைவிடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்த எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 0.1 மி.மீ. விட்டமுள்ள துளி 1 மீட்டர் உயரச் சுமார் அரை மணி நேரம் ஆகும். 0.01 மி.மீ. துளிக்கோ 100 மடங்கு நேரம், அதாவது சுமார் 2 நாட்கள் வேண்டும்! பம்பின் சுழற்சி துளிகளை மேலும் சிதைக்கிறது. சோப்பு கலந்தால் அவை மீண்டும் ஒன்றுசேர்வதே கடினம்.

எனவே பிரிந்த எண்ணெயையும் பிரிய மறுக்கும் நீரையும் தொட்டிகளில் சேர்த்துக் கரையில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் ஒரு நாட்டுக் கப்பலின் குழாய் இன்னொரு நாட்டுத் துறைமுகக் குழாயோடு பொருந்த வேண்டாமா? உடன்படிக்கை இதற்கும் வழி சொல்கிறது. இணைப்புத் தட்டின் வெளிவிட்டம் 215 மி.மீ.; தடிமன் 20 மி.மீ.; 183 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின்மேல் சம இடைவெளியில் ஆறு துளைகள். எங்கு சென்றாலும் இதே அளவுதான்.

இணைத்தபின் கவனம் மிகத் தேவை. மேல்தளத்தின் வடிகால் துளைகளை அடைத்து, இணைப்பின்கீழ் ஏந்துதட்டு வைத்து, பம்பை மெதுவாகத் தொடங்குவார்கள். கரையிலுள்ள வால்வைத் திடீரென மூடக் கூடாது. ஏன்? ஓடிவரும் திரவத்தின் உந்தம் சட்டென்று தடைபட, அழுத்தம் எகிறிக் குழாய் வெடிக்கலாம். முதலில் பம்பை நிறுத்தி, பிறகே வால்வை மூட வேண்டும். குழாயில் எஞ்சியதை வடித்த பின்னரே போல்ட்டுகளைக் கழற்றலாம்.

செய்து பாருங்கள்: இரண்டு புட்டிகளில் நீரும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் எடுங்கள். ஒன்றில் மட்டும் சிறிது சோப்புக் கரைசல் சேருங்கள். இரண்டையும் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். எந்தப் புட்டி முதலில் தெளிகிறது? தெளியாத புட்டியில் இருப்பதைக் கப்பல் ஏன் கரைவரை சுமந்துவர வேண்டும் என்பது அப்போது விளங்கும்.