சிறு நகர விமானங்களுக்கு அரசு பணம் தர வேண்டுமா?

கேள்வி: சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் அரசு தரும் மானியம் வீண் செலவா?

பதில்: வீண் என்று ஒதுக்க மாட்டேன். 2017-இல் சிம்லா–டெல்லி தடத்தில் திட்டத்தின் முதல் விமானம் பறந்தது. குறிப்பிட்ட இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு. அதனால் வரும் இழப்பை ஈடுகட்ட விமான நிறுவனங்களுக்கு மூன்றாண்டு மானியம். நமது சேலத்துக்கு 2018-இல் விமானம் வந்தது. 2021-இல் நின்று, 2023-இல்தான் திரும்பியது.

மானியம் முடிந்ததும் என்ன என்பதே உண்மையான சிக்கல். தணிக்கைத் துறையின் 2023 அறிக்கைப்படி, முதல் மூன்று ஏலச் சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் 371 மட்டுமே தொடங்கின; மூன்றாண்டுகளைக் கடந்தும் நீடித்தவை 54.

மலைப்பகுதிக்கும் தீவுகளுக்கும் மாற்றுவழி குறைவு. அங்கே உதவி நீடிக்கட்டும். நல்ல ரயில் இருக்கும் ஊர்களில், பயணிகள் தேவையைக் கணக்கிட்ட பிறகே தடத்தை ஒதுக்க வேண்டும்.