நகைக்கும் உறுதிக்கும் ஒரு மரப்பெட்டி

யாழ்ப்பாணத்து வீடுகளில் முன்பு பெட்டகம் இருந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்கக் கடினமான அந்தப் பெரிய மரப்பெட்டிக்குச் சில வீடுகளில் சில்லும் பூட்டியிருந்தார்கள். நகை, கூறைச்சேலை, காணி உறுதி எல்லாம் அதற்குள்ளேதான். தலைமுறை தலைமுறையாக ஒரே வளவில் இருந்தவர்களுக்கு அது பொருத்தமான பெட்டி. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது பெட்டகங்கள் வீடுகளிலேயே நின்றுவிட்டன. நகை சேலைத்தலைப்பு முடிச்சில் போயிற்று. உறுதி எட்டாக மடிக்கப்பட்டுச் சாக்குப் பையில் மழையில் நனைந்து போயிற்று. 2009இல் வன்னியில் பல குடும்பங்களுக்கு அந்தச் சாக்குப் பையும் மிஞ்சவில்லை.

பூச்சியும் துருவும் அழிக்கும் செல்வத்தைச் சேர்க்க வேண்டாம் என்று பிரசங்கம் செய்துகொண்டு நகைப்பெட்டி செய்யவும் படிப்பிக்கிறீர்களா என்று எம்மைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கமக்காரக் குடும்பத்தில் நகை என்பது பெரும்பாலும் விதைநெல். காலபோகத்துக்கு முன் அடைவுக்குப் போகிறது, அரிவு வெட்டியபின் மீண்டு வருகிறது. அதைப் பத்திரமாக வைப்பதில் பேராசை ஒன்றும் இல்லை.

கடைகளில் விற்கும் நகை அலுமாரிகளில் கண்ணாடிக் கதவும் நாலைந்து லாச்சிகளும் இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் தூக்கிக்கொண்டு ஓடும்போது அலுமாரி சற்றுச் சரிந்தாலே லாச்சிகள் வெளியே வந்து விழும். ஆகவே நாம் செய்யப்போவது மேலே மூடி திறக்கும் பெட்டி. லாச்சிக்குப் பதிலாக உள்ளே தூக்கி எடுக்கக்கூடிய ஒரு தட்டு. தட்டில் நகை, தட்டுக்குக் கீழே பத்திரங்கள்.

அளவைத் தீர்மானிப்பது நகையல்ல, உறுதிதான். பழைய உறுதிகள் ஏறத்தாழ 13 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள கடதாசியில் எழுதப்பட்டவை. மடித்து மடித்து வைத்த உறுதி மடிப்பிலேதான் கிழியும். சிலவேளை காணியின் எல்லையை எழுதிய வரி சரியாக அந்த மடிப்பில் வந்துவிடும். எனவே உறுதி விரித்தபடி கிடக்க வேண்டும். உள்ளளவு நீளம் 14, அகலம் 10, உயரம் 7 அங்குலம் போதும். அரை அங்குலப் பலகையில் செய்தால் வெறும் பெட்டி ஏறத்தாழ 4 கிலோ வரும்.

மரம்

வேம்பு எமக்கு எளிதில் கிடைக்கும். அதன் வைரத்தைப் பூச்சி இலேசில் தொடாது. பலாவும் நல்லது, ஆனால் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி பலா வெட்டுவதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். மரக்காலையில் அறுத்த துண்டுகளை வாங்கினால் அந்தக் கவலை இல்லை. முதிரையும் பாலையும் உறுதியானவை, இந்தப் பெட்டிக்குப் பாரம் கூடியவை. மாம்பலகை மலிவு, உளுத்துவிடும். பனம் பலகையில் சிலாம்பு ஏறும்.

இடிந்த வீட்டின் பழைய கதவுப் பலகை கிடைத்தால் அதுவே சிறந்தது, நன்றாகக் காய்ந்திருக்கும். போர் நடந்த இடங்களின் பலகையில் சன்னமும் இரும்புச் சிதறலும் புதைந்திருக்கலாம். மரக்காலைகளில் அறுக்கும்போது வாள் முறிவதற்கு இதுவும் ஒரு காரணம். பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் உள்ள காந்தத்தைக் கழற்றிப் பலகையின் இரு பக்கமும் மெல்ல ஓட்டிப் பாருங்கள். மேலாக உள்ள இரும்பை அது காட்டிக்கொடுக்கும். கண்ணிவெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத வளவுக்குள் பலகை தேடி ஒருவரும் போகக்கூடாது.

புதுப் பலகையானால் நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுங்கள். ஒரு துண்டை வாரத்துக்கு ஒருமுறை கடைத் தராசில் நிறுங்கள். நிறை குறைவது நின்றால் பலகை தயார். அவசரப்பட்டுச் செய்த பெட்டி பங்குனி வெய்யிலில் வாய் திறந்துவிடும்.

செய்யும் முறை

15 அங்குல நீளத்தில் இரண்டு, 10 அங்குல நீளத்தில் இரண்டு என நாலு பக்கப் பலகைகள், எல்லாம் 7 அங்குல அகலம். குறுகிய பலகைகள் நீளப் பலகைகளுக்கு இடையில் நிற்கும்படி பசை பூசிப் பொருத்துங்கள். ஆணி அடிப்பதற்கு முன் துறப்பணத்தால் சிறு துளை போட வேண்டும், அல்லது ஆணியின் கூரைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்க வேண்டும். கூரான ஆணி பலகையைப் பிளக்கும். பசை காய்வதற்குள் மூலைக்கு மூலை குறுக்கே இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவானால் பெட்டி சதுரமாக நிற்கிறது. இல்லாவிட்டால் நீளம் கூடிய மூலையை அழுத்திச் சரிசெய்யுங்கள்.

அடிக்கு 15க்கு 11 அங்குல ஒட்டுப்பலகை, கால் அங்குலத் தடிப்பு போதும். மூடிக்கு அதே அளவில் இரண்டு பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, உட்புறம் குறுக்காக 9 அங்குல ரீப்பைத் துண்டுகள் இரண்டைத் திருகாணியால் இறுக்குங்கள். மூடி வளையாது. மூடிக்குப் பின்புறம் இரண்டு பிணைச்சல், முன்புறம் ஒரு கொண்டி.

உள்ளே, அடியிலிருந்து 4 அங்குல உயரத்தில், சுற்றிவர மெல்லிய ரீப்பை அடித்து அதன்மேல் தட்டை வையுங்கள். தட்டின் உயரம் 2 அங்குலத்துக்கு மேற்பட்டால் மூடியின் ரீப்பையில் இடிக்கும். அதன் நீள அகலம் பெட்டியின் உள்ளளவைவிடக் கால் அங்குலம் குறைய இருக்க வேண்டும். மாரியில் மரம் ஊதும்.

தூக்குவதற்கான பிடியை மூடியில் பூட்டவேண்டாம், பாரம் முழுவதும் பிணைச்சலில் விழும். நைலோன் கயிற்றைப் பெட்டியின் அடியால் சுற்றிக் கொண்டுவந்து மேலே தோளில் போடும் அளவுக்கு முடியுங்கள். கயிறு நழுவாதபடி அடியில் நாலு மூலையிலும் ஓர் அங்குலக் கட்டை அடியுங்கள். அதுவே பெட்டியின் காலாகவும் நின்று, நிலத்து ஈரத்தைத் தள்ளிவைக்கும்.

வெளிப்புறம் அரத்தாளால் தேய்த்து வார்னிஷ் இரண்டு தரம். உட்புறம் வார்னிஷ் வேண்டாம், கடதாசி ஒட்டிக்கொள்ளும். கறையானுக்கென்று கழிவு எண்ணெய் பூசுவது வேலிக் கதியாலுக்குச் சரி, இந்தப் பெட்டிக்குச் சரியில்லை. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, வாரம் ஒருமுறை அடியைப் பாருங்கள்.

உள்ளே வைப்பது

தட்டை மெல்லிய பலகைத் துண்டுகளால் ஐந்தாறு அறைகளாகப் பிரித்து, தோய்த்துக் காய்ந்த பருத்தித் துணி விரியுங்கள். சங்கிலியையும் கல் வைத்த தோட்டையும் ஒரே அறையில் போட்டால் ஒன்றையொன்று உராயும். வெள்ளிக் கொலுசை றப்பர் வளையத்தால் கட்டவேண்டாம், கறுத்துவிடும். ஒவ்வொரு நகையின் நிறையையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடைவுத் துண்டுக்கு ஓர் அறையைத் தனியாக விட்டு, தவணைத் திகதியை வெளியே தெரியும்படி எழுதி வையுங்கள். நகை திருட்டுப் போய் இழந்த குடும்பங்களைவிடத் தவணை மறந்து இழந்த குடும்பங்களையே நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.

கீழே உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள். நன்றாகக் காய்ந்தபின் தடித்த பொலித்தீன் உறையில் இடுங்கள்; ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். மூலப் பத்திரத்தைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கில் ஒட்டுவிக்கவேண்டாம். உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பதியப்பட்ட உறுதி தொலைந்தாலும் இந்த விபரங்களைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள், ஆனால் எழுதிய தாளுக்கு அது ஈடாகாது.

திறப்பு யாரிடம் இருப்பது? சீதனமாக வந்த நகை பெண்ணுடையது. தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தைத் தனிச் சொத்தாகவே கொள்கிறது. காணியைக் கைமாற்ற அவளுக்குக் கணவனின் சம்மதம் வேண்டும். நகைக்கு அது வேண்டியதில்லை. எனவே ஒரு திறப்பு அவளிடம் இருக்கட்டும். மற்றதைக் கணவனும் அவளும் பேசி முடிவு செய்யட்டும். தவறணைக்குப் போகும் வழியில் அடைவுகடையும் இருக்கிற ஊர்களில் இதை நாம் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

இந்தப் பெட்டி கள்ளனைத் தடுக்காது. அவன் பெட்டியோடு தூக்கிப்போவான். வெளியாருக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். உடனே தேவைப்படாத பெரிய நகை வங்கிப் பெட்டகத்தில் இருப்பதே நல்லது.

எல்லாம் அடுக்கியபின் பெட்டியைத் தூக்கப்போகிறவர், அனேகமாக வீட்டு அம்மா அல்லது மூத்த மகள், அதைத் தோளில் போட்டு, கைக்குழந்தை இருந்தால் அதையும் இடுப்பில் வைத்து, பெரிய வீதி வரை நடந்து பார்க்கட்டும். இடையில் இறக்கிவைக்க வேண்டிவந்தால் கயிற்றைச் சற்றுக் குறையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், உள்ளே இருப்பதில் எதை வெளியே எடுப்பது என்பதை வீட்டார் கூடி அன்றைக்கே பேசி முடியுங்கள்.