எழுதாமல் விட்ட மதிப்பு

அன்புள்ள தங்கைக்கு,

பைத்தானில் ஃபங்ஷன் எழுதப் பழகிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. ஃபங்ஷனை அழைக்கும்போது நாம் கொடுக்காமல் விடும் மதிப்புகளைப் பற்றி இன்று சொல்கிறேன். டிஃபால்ட் என்கிறோமே, அவைதான்.

பிரிண்டுக்கு இரண்டு சொற்களைக் கொடுத்தால் நடுவே இடைவெளி விட்டு அச்சிடும். முடிந்ததும் அடுத்த வரிக்குப் போகும். இரண்டையும் நீ கேட்கவில்லை. ஹெல்ப் போட்டுப் பார்: ‘செப்’ என்பதற்கு ஓர் இடைவெளி, ‘எண்ட்’ என்பதற்குப் புதுவரிக் குறி என்று தலைவரியிலேயே இருக்கும். ஒளிவுமறைவு இல்லை.

கோப்பைத் திறக்கும் ஓப்பன் அப்படியில்லை. அதன் தலைவரியில் ‘என்கோடிங்’ என்பதற்கு எதிரே ‘நன்’ என்று மட்டும் இருக்கும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையான என்கோடிங் எது என்பதைக் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து பைத்தான் முடிவு செய்துகொள்ளும். லினக்ஸில் பெரும்பாலும் யுடிஎஃப்-8. ஆங்கில அமைப்புள்ள விண்டோஸில் 1252 என்ற பழைய அட்டவணை. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. யுடிஎஃப்-8இல் சேமித்த தமிழ்க் கோப்பை அங்கே திறந்தால் ‘அ’ மூன்று கிறுக்கல்களாக வரும். மெய்யெழுத்தின் புள்ளி வந்தால் நிரலே பிழை காட்டி நின்றுவிடும்; புள்ளிக்குரிய மூன்று பைட்டுகளில் கடைசி பைட்டுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. அதே வரி தோழியின் லினக்ஸ் கணினியில் ஒழுங்காக ஓடும். பிழை எங்கே என்று நிரலை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. காரணம் நீ எழுதிய வரியில் இல்லையே! இந்தத் தொல்லை தீரத்தான் 3.15 பதிப்பு முதல் யுடிஎஃப்-8ஐயே டிஃபால்ட் ஆக்குவதென முடிவெடுத்தார்கள்.

நீ எழுதும் ஃபங்ஷனில் டிஃபால்ட்டைத் தலைவரியிலேயே தெரியும்படி வை. லிஸ்ட் போல, உருவாக்கிய பின்னும் மாற்றக்கூடியவை மட்டும் விதிவிலக்கு. டிஃபால்ட் மதிப்பை, ஃபங்ஷனை வரையறுக்கும் நேரத்தில் ஒரே ஒரு முறைதான் பைத்தான் உருவாக்கும். வெற்று லிஸ்ட்டை அங்கே வைத்தால், ஓர் அழைப்பில் சேர்த்தது அடுத்த அழைப்பிலும் அப்படியே இருக்கும். அதனால் தலைவரியில் ‘நன்’ வைத்து, உள்ளே புது லிஸ்ட் உருவாக்கு. ஆனால் அதை டாக்ஸ்ட்ரிங்கில் ஒரு வரி சொல்லிவிடு. அழைப்பவர் உள்ளே புகுந்து பார்க்க மாட்டார்.

எல்லா மதிப்பையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விடையையே மாற்றக்கூடியதை மட்டும் டிஃபால்ட்டை நம்பி விடாதே. இனி ஓப்பன் எழுதும்போதெல்லாம் என்கோடிங்கையும் சேர்த்தே எழுது.

அன்புடன்,
அண்ணன்