வெந்நீர் ஏன் நூலாக இறங்குகிறது, மாப்ள?

அன்புள்ள மாப்ள,

நீ அனுப்பிய வீடியோ பார்த்தேன். போடியில் பால் காய்ச்சிக் குடிபோய் ஒரு மண்டலம்கூட ஆகவில்லை, அதற்குள் மாடி பாத்ரூம் ஷவரில் வெந்நீர் நூல் மாதிரி இறங்குகிறது என்று புலம்பல். பின்னாலிருந்து உன் வீட்டுக்காரி, “பச்சைத் தண்ணி பரவாயில்லாம வருதே” என்று சொன்னதும் காதில் விழுந்தது. நீ நாலு நிமிஷம் பேசியதைவிட அவள் சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்கு உபயோகமாக இருந்தது.

அடுத்து நீ என்ன செய்வாய் என்று தெரியும். பிரஷர் பம்ப் வாங்கக் கிளம்புவாய். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார். நானும் வீடு கட்டிய புதிதில் அப்படி ஓடியவன்தான். பம்பை மாட்டிய பிறகும் அதே நூல். கடைசியில் ஷவரைத் திருகிக் கழற்றினால், சல்லடை முழுக்கக் குப்பை. டெஃப்லான் டேப் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது. அதில் சிமெண்ட் துணுக்கும், பைப் அறுக்கும்போது விழுந்த சீவலும் ஒட்டியிருந்தன. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஐந்து நிமிஷத்தில் முடிந்த வேலை அது.

ஆகவே முதலில் வாளியை எடு. பத்து லிட்டர் வாளி, கையில் கடிகாரம். பச்சைத் தண்ணீரில் நிறைய எத்தனை வினாடி, வெந்நீரில் எத்தனை வினாடி என்று ஒவ்வொரு பாத்ரூமிலும் பார்த்து எழுதிக்கொள். ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைந்தால் சல்லடையோ, சுவரோரத்து ஆங்கிள் காக்கோ காரணம். கொத்து வேலை நடந்தபோது பாதி மூடியதை யாரும் திறக்காமலே விட்டிருப்பார்கள். எல்லா பாத்ரூமிலும் வெந்நீர் மட்டும் குறைந்தால் கோளாறு மொட்டை மாடியில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் பக்கம். இரண்டு தண்ணீருமே மெதுவாக வந்தால் மேல்தொட்டியின் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

சோலார் பக்கம் என்றால், உன் தாத்தாவோடு ஏலத்தோட்டத்துக்குப் போன நாட்களை நினைத்துப் பார். மேலே ஊற்றிலிருந்து கருப்பு ஓஸ் இழுத்துச் சரிவில் விட்டிருப்பார்கள். நடுவில் ஒரு பாறைமேல் ஓஸ் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். “ஏர் பிடிச்சிருக்கு” என்று சொல்லி, தோட்டத்து ஆள் ஜாயிண்டைத் தளர்த்துவார். புஸ்ஸென்று காற்று போய், கொடகொடவென்று தண்ணீர் வரும். உன் மொட்டை மாடியிலும் அதே கதைதான். சோலார் தொட்டியிலிருந்து வரும் வெந்நீர்ப் பைப் கைப்பிடிச் சுவரைத் தாண்ட வேண்டி மேலே ஏறி இறங்குகிறதா, பார். ஏறினால் அந்த இடத்தில் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் பைப்பைச் சரிவாக மாற்றிப் போட வேண்டும். கை வைக்குமுன் கேட் வால்வை மூடு. சோலார் தண்ணீர் தோலை உரித்துவிடும்.

“பேசாம சோலாரை ஸ்டாண்ட் போட்டு உயர்த்திட்டா?” என்பாய். உயர்த்தி ஒன்றும் ஆகாது. சோலார் தொட்டியில் வெந்நீரைத் தள்ளுவது, மேல்தொட்டியிலிருந்து அடியில் வந்து சேரும் பச்சைத் தண்ணீர். உயர வேண்டியது மேல்தொட்டி. அதன் அடிப்பாகம் சோலார் தொட்டியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். சோலாரின் காற்றுக்குழாய் மேல்தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டி நிற்க வேண்டும்.

கணக்கு எளிது. பத்து மீட்டர், அதாவது 33 அடி உயரத்துக்கு ஒரு கிலோ பிரஷர். மாடி ஷவருக்கும் நிறைந்த தொட்டியின் நீர்மட்டத்துக்கும் பத்தடிதான் இடைவெளி என்றால், உனக்குக் கிடைப்பது கால் கிலோவுக்குச் சற்று மேல். கீழ் பாத்ரூமுக்கு இன்னும் பத்தடி சேர்வதால் அரை கிலோவைத் தாண்டும். மலையில் நூறு மீட்டர் உயரத்திலிருந்து நேராக ஓஸ் விட்டால் பத்துக் கிலோ ஆகிவிடும். ஜாயிண்ட் பிடுங்காமல் இருக்க நடுவில் தொட்டி கட்டுவார்கள். அங்கே பிரஷரைக் குறைக்கத் தொட்டி, இங்கே கூட்டத் தொட்டி. இரண்டு இடத்திலும் உயரம்தான் கணக்கு.

“லண்டனில் அக்கா வீட்டில் ஒரு குழாயைத் திருகினதும் மீட்டர் முள் ஏறுதே?” என்று கேட்பாய். அது வீட்டைச் சூடாக்கும் பைப். அதே தண்ணீர் மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆறியிருக்கும்போது ஒன்று முதல் ஒன்றரை பார் வரை வைத்திருப்பார்கள். புது வீட்டில் உள்ளே சிக்கிய காற்றை வெளியே விட விட முள் இறங்கும், மறுபடி தண்ணீர் ஏற்றுவார்கள். உன் சோலாரோ காற்றுக்குழாய் வழியே வானத்தைப் பார்த்துத் திறந்து கிடப்பது. அதன் முன்னால் பம்ப் வைத்து அழுத்தினால் தண்ணீர் காற்றுக்குழாய் வழியே கொட்டும். “கொட்டுதே” என்று அதை அடைத்து வைக்கும் புத்திசாலியும் உண்டு. அடைத்தால் தொட்டியே பிளந்துவிடும். இந்தத் தவறை மட்டும் செய்துவிடாதே.

தொட்டியை உயர்த்தவே வழியில்லையென்றால் பம்ப் வை, தடுக்கவில்லை. ஆனால் வெந்நீர் லைனில் வைக்கும் பம்ப் சூடு தாங்குவதாக, சோலாருக்குப் பின்னால் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீருக்கு மட்டும் வைத்தால், மிக்ஸரில் அது வெந்நீரை எதிர்த்துத் தள்ளும். அப்புறம் மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு என்னைத் திட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளிக் கணக்கை எழுதி அனுப்பு. பம்ப் வாங்கின பில்லை அனுப்பினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
மாமா