மரவேலை மெஷின் பழுதுபார்க்கக் கற்க வருபவர்களுக்கு: எதை முதலில் பிடிப்பது?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் சுங்கை வேயில் என் பட்டறைக்கு அப்பாவும் பிள்ளையுமாக ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். வீட்டு மரவேலை மெஷின்களைப் பழுதுபார்க்கும் தொழிலை எப்படிக் கற்பது என்று கேட்கத்தான் வருகிறார்கள். ஆனால் கொஞ்ச நேரம் பேசினாலே, கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின்தான் என்று முன்பே முடிவெடுத்துவிட்டது தெரிந்துவிடும். "சி.என்.சி. படிக்க வைக்கலாம்னு இருக்கேன் அண்ணே. இனி எல்லாம் கம்ப்யூட்டர்தானே?" பிள்ளை வாயே திறப்பதில்லை. அவன் கண் மேசையில் பிரித்துக் கிடக்கும் மோட்டாரிலேயே இருக்கும்.

அந்த அப்பாக்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் இங்கே சுதந்திர வாணிப வட்டாரம் வந்ததிலிருந்து, தொழிற்சாலைச் சங்கைக் கேட்டே வளர்ந்த குடும்பங்கள் இவை. நின்றுகொண்டு வேலை செய்தவருக்கு ஒரு சம்பளம், திரைக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு வேறு சம்பளம் என்று கண்ணால் கண்டவர்கள். தன் பிள்ளையாவது உட்காரட்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது.

எங்கே படிப்பது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். அரசின் தொழிற்பயிற்சிக் கழகமான ஐ.எல்.பி., தொழிற்கல்லூரி, தனியார் மையம் எதுவானாலும் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கிற இடமாக இருக்கட்டும். கட்டணத்துக்கு வழியில்லையென்றால் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கடனுதவி பற்றி விசாரியுங்கள். 2005-இல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் 70 முதல் 80 விழுக்காட்டுப் பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும், மீதி வகுப்பில். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலுக்கு அதுதான் சரி. பல வருஷம் அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் பி.பி.டி. வழியாக அனுபவத்தைக் காட்டியே வாங்கலாம்.

எதை முதலில் கற்பது என்பதில்தான் பிள்ளைகள் தவறுகிறார்கள்.

பிளேடு, பிட், இழைப்புக் கத்தி இவற்றைப் பராமரிப்பது இந்தத் தொழிலின் ஒரு பிரிவு. சீக்கிரம் காசு பார்க்கலாம். "மெஷினுக்கு வலு போயிடுச்சு" என்று கொண்டுவரும் மேசை ரம்பங்களில் முக்கால்வாசிக்கு மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. கெருயிங் மரத்தின் பிசின் பற்களில் கெட்டியாக அப்பியிருக்கும். ஊறவைத்துக் கழுவினால் பழைய வேகம் வந்துவிடும். மெர்சாவா போன்ற மரங்களில் மணல்சத்து உண்டு. நேற்றுத் தீட்டிய பல்லையும் இன்று மழுக்கிவிடும். எந்த மரத்தை அறுத்தீர்கள் என்று முதலில் கேட்கிற பையன்தான் தேறுவான்.

மோட்டாரும் மின்சாரமும் அடுத்த பிரிவு. மெஷின் "உம்ம்" என்று முனகும், சுற்றாது. ஒன்று கெபாசிட்டர் போயிருக்கும், இல்லையென்றால் மோட்டாரின் பின்மூடிக்குள் இருக்கும் ஸ்விட்சில் மரத்தூள் அடைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதைச் சொல்லித்தராத ஆசிரியரிடம் பிள்ளையை விடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மெஷின்களும் வரும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 50; அதை அது மாற்றாது. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும், சூடும் ஏறும். வீட்டு வயரிங்கில் கை வைக்க வேண்டுமென்றால் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று வேண்டும்: ஒற்றை ஃபேஸுக்கு பி.டபிள்யூ.2, மூன்று ஃபேஸுக்கு பி.டபிள்யூ.4.

மூன்றாவது, மெஷினை நேராக நிறுத்தும் வேலை. இதை நான் ஓரவஞ்சனையோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குச் சோறு போட்டது இது. மேசை ரம்பத்தில் ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மேசையின் பள்ளத்திலிருந்து அந்தப் பல் எவ்வளவு தூரம் என்று முன்பக்கம் அளந்துகொள்ளுங்கள். பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்து பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பிளேடு பள்ளத்துக்கு நேராக நிற்கிறது. பிறகு வழிகாட்டிச் சட்டத்தையும் அதே பள்ளத்துக்கு நேராக்க வேண்டும். பிளேடின் பின்பக்கம் சட்டம் நெருங்கியிருந்தால் பலகை நெரியும், ஓரம் கருகும், ஒருநாள் பலகை அறுப்பவரின் வயிற்றை நோக்கிப் பறந்து வரும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே பலர் வருஷக்கணக்கில் மரம் அறுக்கிறார்கள்.

இதையே பட்டை ரம்பத்தில் கற்றால் இன்னும் நல்லது. சக்கரத்தின் ரப்பர், பட்டையின் இறுக்கம், அது ஓடும் தடம், பின்னால் தாங்கும் பேரிங் நான்கும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றையும் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யப் பழகியவனுக்கு எந்த மெஷினும் பயம் தராது.

இனி சி.என்.சி.க்கு வருகிறேன். அந்த மெஷினோடு எனக்குச் சண்டை இல்லை. மூவாரின் தளவாடத் தொழிற்சாலைகளுக்கு அது தேவை. அதை முதல் படியாக வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். பல குறுகிய காலப் பயிற்சிகளில் படம் வரையவும் கோப்பை மெஷினுக்கு அனுப்பவும் சொல்லித்தருகிறார்கள். பையன் பெயர்ப்பலகை ஒன்றைச் செதுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவான், அம்மா அதை வாசலில் மாட்டுவார். அடுத்து, இணையக் கடையில் பார்த்த சின்ன மெஷினுக்கு அப்பா சேமிப்பிலிருந்து பணம் எடுப்பார். மூன்று நான்கு மாதத்தில் மெஷின் என் பட்டறைக்கு வந்துவிடும்.

வருகிற பழுதுகளைப் பாருங்கள். வட்டம் வரையச் சொன்னால் தொடங்கிய இடத்தில் வந்து சேர்வதில்லை. பையன் இரவெல்லாம் மென்பொருளில் தேடியிருப்பான். மோட்டார் தண்டில் பல்சக்கரத்தைப் பிடிக்கும் குட்டித் திருகு தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். செதுக்கல் ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மேலோட்டம் என்று வந்தால் அடிப்பலகையைச் சமப்படுத்தவில்லை என்று அர்த்தம். பிட் நடுவில் நழுவினால் அதைக் கவ்வும் கொலெட்டுக்குள் தூள் இருக்கும்.

மரம் கருகும் கேஸ்தான் அதிகம். 18,000 சுற்றில் ஓடும் இரண்டு முனைப் பிட்டை நிமிடத்துக்கு 1,800 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்த்தினால், ஒவ்வொரு முனையும் எடுக்கும் சீவல் 0.05 மில்லிமீட்டர்தான். அங்கே பிட் வெட்டவில்லை, உரசுகிறது. சூடு ஏறி மரம் கருகும், முனையும் மழுங்கும். சுற்றை 10,000-க்குக் குறைத்தால் சீவல் 0.09 ஆகும், நகரும் வேகத்தையும் கூட்டினால் இன்னும் நல்லது. விழுவது மாவா சீவலா என்று உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இழைப்புளி பிடித்த கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையில் மட்டும் பழகிய பிள்ளை அந்தத் தூளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிடுகிறான்.

ஆக, சி.என்.சி. மெஷினின் பழுதுகளும் திருகு, பெல்ட், பேரிங், தூள், மழுங்கிய முனை என்று பழைய மெஷின்களின் பழுதுகள்தான். அவற்றைக் கற்றவன் பிறகு சில மாதங்களில் சி.என்.சி.யைப் பிடித்துக்கொள்வான். சி.என்.சி.யில் தொடங்கியவன் திரும்பி வந்து திருகிலிருந்து கற்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கட்டணம் கட்டிக் கைநீட்டிக் கடன் வாங்கியபின், "அடியிலிருந்து தொடங்கு" என்றால் பிள்ளைக்கு அவமானமாக இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

எந்தப் பிள்ளைக்கு இது ஒத்துவரும்? வீட்டு மின்விசிறியின் சத்தம் மாறினால் முதலில் நிமிர்ந்து பார்ப்பவன், ஒரு திருகு காணாமல் போனால் அடுத்த வேலைக்குப் போகாமல் தேடுபவன். பெண்பிள்ளைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்; யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். மார்க் இதைக் காட்டாது, ஒரு சின்னச் சோதனை காட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் வார்ப்பிரும்பு மேசை ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். துருப்பிடித்த மேசையைக் கொடுத்து, தேய்த்து மெழுகு பூசச் சொல்லுங்கள். பாதியில் விட்டுப் போனாலும் மறுநாள் தானே வந்து முடித்தால் அந்தப் பிள்ளையை நம்பலாம். பொறுமை எல்லாருக்கும் பிறப்பில் வருவதில்லை. இந்தத் தொழிலில் மெஷினே கற்றுத்தரும், கூட இருக்க ஒரு பெரியவர் வேண்டும்.

எந்த மையத்துக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம், சனிக்கிழமைகளில் மட்டும், பிள்ளையைப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் விடுங்கள். சம்பளம் கேட்க வேண்டாம். காலை மூடும் காலணி போட்டு அனுப்புங்கள். கையில் கோயில் கயிறோ கழுத்தில் சங்கிலியோ இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சுற்றுகிற மெஷின் பக்கத்தில் அவை ஆபத்து.