கோதுமையும் துத்தநாகமும்

கேள்வி: கோதுமைக்குத் துத்தநாக உரம் இட்டால் மகசூலும் பெருகும், தானியத்தின் சத்தும் உயரும் என்கிறார்களே, உண்மைதானா?

பதில்: உண்மைதான், ஆனால் இரண்டு பலன்களும் ஒரே பிரயோகத்தால் கிட்டுபவை அல்ல. துருக்கி தேசத்தின் மத்திய அனடோலியாப் பிரதேசத்திலே, கோன்யா, எஸ்கிஷெஹிர் முதலிய இடங்களில், சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஓங்கிய மண்ணில் துத்தநாகம் இருந்தும் அது கரையாமல் கிடப்பதால், பயிரின் பாடு கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாகி, இலையின் நடுப்பாகத்தில் வெளிறிய பழுப்புத் திட்டுகள் தோன்றி, அவ்விடத்திலேயே இலை மடிந்து தொங்குவதும், செடி குன்றிப்போவதும் வழக்கமாயிருந்தன. 1990-களில் இஸ்மாயில் சாக்மாக் முதலிய விஞ்ஞானிகள் அங்கே நடத்திய பரிசோதனைகளில், துத்தநாக சல்பேட்டை மண்ணில் இட்ட மாத்திரத்தில் விளைச்சல் கணிசமாக உயர்ந்தது. பின்னர்க் குடியானவர்கள் துத்தநாகம் கலந்த உரங்களை ஏராளமாக வாங்கலாயினர்.

தானியத்தின் குணவிருத்திக்கோ மண்ணில் இடுவது மட்டும் போதாது. கதிர் பொதியில் இருக்கும் பருவத்திலும் பால் பிடிக்கும் பருவத்திலும், லிட்டருக்கு 5 கிராம் வீதம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து இலைமீது தெளித்தால்தான் மணியில் அச்சத்து நன்கு சேர்கிறது. தழைச்சத்து குறைவற இருத்தலும் இதற்கு அனுகூலம். மணிச்சத்தை (பாஸ்பரஸை) அளவு மீறி இடுவது பிரதிகூலம். இவ்வளவு பிரயாசைப்பட்டுச் சேர்த்த சத்தில் பெரும்பங்கு மணியின் தோலை அடுத்த படலத்திலும் முளையிலுமே தங்குவதால், வெள்ளை மாவை விரும்பி மைதாவாக அரைப்பவர்கள் அதைத் தவிட்டோடு மாட்டுக்குத் தானம் செய்துவிடுகிறார்கள்!